பாட்டுக் கேட்காதவன் கதை எழுதக் கூடாதா?

திண்ணைவாசி: நேற்று மேல்ஸ்தாயி அருளியது: "இசை கேட்காதவனுக்குக் கதை வராது. பீத்தோவனைக் கேட்டதால்தான் டால்ஸ்டாய்க்குக் 'க்ராய்ட்சர் சொனாட்டா' கதை பிறந்தது. மனைவி வயலினை எடுத்து வாசிக்கும் இடத்தைப் படியுங்கள், புரியும்." படித்துவிட்டுத்தான் வருகிறேன். மனைவி வாசிப்பது பியானோ. வயலின் வாசிப்பவன் வீட்டுக்கு வந்துபோகும் த்ருகாச்செவ்ஸ்கி. கணவன் பொஸ்த்னிஷெவ் சந்தேகப்படுவதே அவனைத்தான். வயலினையும் மனைவியே வாசித்தால் அந்த ஆள் எதற்கு வந்தான், காபி குடிக்கவா?

மேல்ஸ்தாயி: கை தவறிவிட்டது. அதுவா விஷயம்? கதைக்குப் பெயர் தந்ததே வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் பீத்தோவனின் சொனாட்டாதான். 1888இல் மாஸ்கோ வீட்டில் அதை வாசிக்க டால்ஸ்டாய் காதாரக் கேட்டார். பியானோவில் அவருடைய மூத்த மகன் செர்கேய். அடுத்த வருடம் கதை தயார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

திண்ணைவாசி: நல்ல சாட்சிதான். அதே கதையில், அந்த முதல் பிரெஸ்டோவை, அதாவது சொனாட்டாவின் வேகமான பகுதியை, வரவேற்பறையில் பெண்கள் நடுவே வாசிக்கலாமா என்று பொஸ்த்னிஷெவ் கொதிக்கிறான். சீனாவில் இசை அரசாங்கத்தின் கையில் இருக்கிறது, அப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறான். இசையைக் கண்டு மிரண்டவனை வைத்து இசைக்குப் பாராட்டுவிழா நடத்துகிறீர்கள். கதையை முழுதாகப் படித்தவர் பியானோவை வயலின் என்று எழுத மாட்டார்.

அரைப்பக்கம்: நம்ம தி.ஜா., அதான் தி. ஜானகிராமன், இருக்கும்போது ரஷ்யாவுக்கு எதற்கு ஓடுகிறீர்கள்? அவருடைய 'மோகமுள்' நாவலில் ரங்கண்ணா பாபுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பக்கங்களைப் படித்தால் தம்புரா காதில் விழும். சங்கீதம் தெரியாத கை அதை எழுத முடியுமா?

கடலைமிட்டாய்: மோகமுள்ளை ஊரே பாபு காதலிக்கும் யமுனாவுக்காகப் படித்தது. ரங்கண்ணாவுக்காகப் படித்தேன் என்பவர் கையைத் தூக்கட்டும், பார்ப்போம். எனக்குச் சங்கீதம் ஒரு மண்ணும் தெரியாது. 3 சிறுகதைகள் அச்சில் வந்திருக்கின்றன. மூன்றும் மாவு மில் சத்தத்தில் உட்கார்ந்து எழுதியவை.

மேல்ஸ்தாயி: படித்தேன். மாவு மில் சத்தம் நன்றாகவே கேட்டது.

கடலைமிட்டாய்: உங்கள் நாவலை 40ஆம் பக்கத்தில் மூடி வைத்தேன் என்று சொன்ன நாளிலிருந்து இந்த எரிச்சல் இருக்கிறது. சரி, ஆறட்டும்.

மேல்ஸ்தாயி: 40 பக்கம் தாண்ட முடியாதவர்தான் மோகமுள்ளை யார் எதற்காகப் படித்தார்கள் என்று தீர்ப்பு சொல்கிறார். நல்ல காலம்.

அரைப்பக்கம்: அப்புறம் ஜப்பானிய நாவலாசிரியர் முரகாமி இருக்கிறாரே. 1974இல் டோக்கியோவில் ஜாஸ் கடை போட்டார், 1979இல் முதல் நாவல் வந்தது.

திண்ணைவாசி: அதையும் முழுசாகச் சொல்லுங்கள். நாவல் எழுதலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது கடையில் இல்லை, 1978இல் பேஸ்பால் மைதானத்தில். பந்து மட்டையில் பட்ட சத்தம். நான்கு வருடம் ஜாஸ் கேட்டவரையே ஒரு மட்டைதான் எழுப்பியது. இனி எழுத வருகிறவர்களை சேப்பாக்கத்துக்கு அனுப்பலாமா?

மேல்ஸ்தாயி: எழுத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அநேகமாக இசையிலிருந்து கற்றதுதான் என்று அதே முரகாமி சொல்லியிருக்கிறார். அது மட்டும் உங்கள் கண்ணில் படாது.

திண்ணைவாசி: பட்டது. மனைவி வாசித்தது எது?

அரைப்பக்கம்: கேட்பார் இல்லாவிட்டாலும் சொல்லிவைக்கிறேன். அந்த சொனாட்டாவை 1803இல் வியன்னாவில் பீத்தோவனோடு முதலில் வாசித்தவர் வயலின் கலைஞர் பிரிட்ஜ்டவர். இருவருக்கும் ஏதோ மனஸ்தாபம் என்பார்கள். அர்ப்பணம் க்ராய்ட்சர் என்ற வேறொரு வயலின் கலைஞர் பெயருக்குப் போனது. க்ராய்ட்சரோ அதை வாசிக்கவே இல்லையாம்.

கடலைமிட்டாய்: வாசிக்காமலே பெயர் வாங்குவது அங்கேயும் உண்டா? இங்கே மட்டும் என்று நினைத்தேன்.

மேல்ஸ்தாயி: யாரைச் சொல்கிறீர்கள்? பெயரைச் சொல்லும் தைரியம் இல்லையா?

கடலைமிட்டாய்: க்ராய்ட்சரைச் சொன்னேன். உங்களுக்கு ஏன் உறைக்கிறது?

அரைப்பக்கம்: தி.ஜா.வைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசுவீர்களா?

மேல்ஸ்தாயி: இந்தக் கூட்டத்திடம் தி.ஜா.வைப் பேசி என்ன ஆகப்போகிறது? 20 வருடமாகக் கச்சேரி கேட்கிறேன், எழுதுகிறேன். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர்களுக்காக என் கருத்து மாறாது. நேற்றைய பதிவைத் திருத்திவிட்டேன், போய்ப் பாருங்கள். "மனைவி இசைக்கருவி வாசிக்கும் இடம்" என்று இருக்கிறது.

திண்ணைவாசி: எந்தக் கருவி?