பதினாறாம் வாய்ப்பாடு வந்துவிட்டால் பெண் பிள்ளைக்குக் கணக்குப் பயம் போய்விடுமாம்!

நிலாவின் அம்மா:
நேற்று இன்னொரு இழையில் ஒரு அம்மா கேட்டிருந்தார்: மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் கணக்கு நோட்டை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்கிறாள், என்ன செய்வது என்று. அதற்கு நம் வாய்ப்பாட்டு வாத்தியார் எழுதிக்கொடுத்த மருந்துச்சீட்டு இது: "பெண் பிள்ளையை எழுப்பி நிற்கவைத்துப் பதினாறாம் வாய்ப்பாடு வரை கடகடவென்று ஒப்பிக்க வையுங்கள். அது வந்துவிட்டால் தன்னம்பிக்கை தானாக வரும். பையன்கள் பரவாயில்லை, விளையாட்டிலேயே பிடித்துக்கொள்வார்கள்." இதற்கு அத்தனை பேர் கைதட்டியிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

என் மகளும் மூன்றாம் வகுப்புதான். ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டே ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டேன். கொஞ்சம் மேலே பார்த்தாள். "அஞ்செட்டு நாப்பது. இன்னும் ரெண்டு எட்டு பாக்கி இருக்கு, அது பதினாறு. அப்போ அம்பத்தாறு" என்றாள். நான் சொல்லிக்கொடுத்ததில்லை, அவளாகவே பிடித்த வழி. இதையே வகுப்பில் செய்தபோது "யோசிக்கக் கூடாது, சட்டுன்னு சொல்லணும்" என்று உட்காரவைத்துவிட்டார்கள். கணக்கு வகுப்பில் யோசிக்கக் கூடாதாம்! அன்றிலிருந்து அவள் கை தூக்குவதில்லை. பக்கத்துப் பையன் வாயில் வந்ததைக் கத்துகிறான், அவனுக்கு "பரவாயில்லை, நல்ல முயற்சி". இதில் பதினாறாம் வாய்ப்பாடு எங்கே உதவப்போகிறது என்று யாராவது சொல்லுங்கள்.

வாய்ப்பாட்டு வாத்தியார்:
என் பெயரைப் போட்டே இழை தொடங்கியிருக்கிறீர்கள், நன்றி அம்மா. முப்பது வருஷத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்த கை இது. ஒரே ஒரு கேள்விதான். உங்கள் மகள் நாற்பதோடு ஒரு பதினாறைக் கூட்டினாளே, அந்தப் பதினாறு எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழுந்ததா?

நிலாவின் அம்மா:
ஈரெட்டு பதினாறு. அது எட்டாம் வாய்ப்பாடு சார். பதினாறாம் வாய்ப்பாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

வாய்ப்பாட்டு வாத்தியார்:
ஓர் பதினாறு பதினாறு. பதினாறாம் வாய்ப்பாட்டின் முதல் வரியே அதுதான். சம்பந்தம் இல்லையாம்.

பழைய பெஞ்சு:
வாத்தியாரே, பதினாறாம் வாய்ப்பாடு எதற்காக இருந்தது என்று முதலில் சொல்லுங்கள். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. கடைக்குப் போனால் அணாக் கணக்கு நாக்கு நுனியில் இருக்கவேண்டும், அதற்காகப் படித்தார்கள். 1957 ஏப்ரலில் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று ஆக்கிவிட்டார்கள். அணா செத்து எழுபது வருஷம் ஆகப்போகிறது, நீங்கள் இன்னும் அதன் வாய்ப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள்.

வாய்ப்பாட்டு வாத்தியார்:
கம்ப்யூட்டர் ஈரடிமானத்தில் ஓடினாலும், அதன் எண்களைப் பதினாறு பதினாறாக எண்ணும் பதினாறடிமானத்தில்தான் சுருக்கி எழுதுகிறார்கள். தம்பிக்குத் தெரியாதோ? பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ். சதுரங்கத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினாறு காய். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்றுதானே வாழ்த்துகிறோம், பத்தும் பெற்று என்றா வாழ்த்துகிறோம்?

தரவுப்பித்தன்:
கல்யாண வாழ்த்தெல்லாம் ஆதாரமாக வருவதற்கு முன் ஒரு ஆய்வைச் சொல்லிவிடுகிறேன். 2025இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்தது. பிரான்சில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். முதல் வகுப்பில் சேர்ந்தவுடன் ஒரு தேர்வு, நாலு மாதம் கழித்து ஒன்று, இரண்டாம் வகுப்புத் தொடக்கத்தில் ஒன்று. சேரும்போது ஆண் பெண் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. நாலே மாதத்தில் பையன்கள் முன்னால் போகிறார்கள். இரண்டாம் வகுப்பு தொடங்கும்போது அந்த இடைவெளி நாலு மடங்காகிவிடுகிறது. பணக்கார வீடு, ஏழை வீடு, அரசுப் பள்ளி, தனியார் பள்ளி எல்லாவற்றிலும் இதே கதை. அதிலும் இடைவெளி வயதைப் பொறுத்து வளரவில்லை, பள்ளியில் இருந்த காலத்தைப் பொறுத்து வளர்கிறது. அதாவது பிறவியில் வந்த கோளாறு இல்லை, வகுப்பறைக்குள் ஏதோ நடக்கிறது. இதைப் பற்றிப் பேசலாமா? பிரான்சில் எந்தப் பிள்ளையும் நின்றுகொண்டு பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வாய்ப்பாட்டு வாத்தியார்:
ஒப்பிக்கவில்லை, அதனால்தான் இடைவெளி. நீங்களே என் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள்.

தரவுப்பித்தன்:
ஐயா, பையன்களும்தான் ஒப்பிக்கவில்லை!

வாய்ப்பாட்டு வாத்தியார்:
பையன்கள் விளையாட்டில் பிடித்துக்கொள்வார்கள் என்று நேற்றே எழுதிவிட்டேன். படித்துவிட்டு வந்து பேசவும். போன வருஷம் தமிழ்வழி, ஆங்கிலவழி இழையிலும் இப்படித்தான் ஒரு சுட்டியைப் போட்டுவிட்டு ஓடினீர்கள்.

தரவுப்பித்தன்:
ஓடவில்லை. நீங்கள் என்னைத் தடை செய்யச் சொல்லி நிர்வாகிக்கு எழுதினீர்கள்.

மதுரைக்காரன்:
எனக்கு ஒன்று புரியவில்லை. 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் நம் மாநிலத்தில் மாணவிகள் 94.53 சதவீதம் தேர்ச்சி, மாணவர்கள் 88.58. பிளஸ் டூவில் 96.44க்கு 92.37. வருஷா வருஷம் பேப்பரில் "வழக்கம்போல் மாணவிகளே அதிகம்" என்றுதான் தலைப்பு. தன்னம்பிக்கை இல்லாதது நம் பையன்களுக்கு. அவர்களுக்கு யாராவது இழை தொடங்குங்கள் புண்ணியமாகப் போகும்.

நிலாவின் அம்மா:
அது எல்லாப் பாடமும் சேர்த்த தேர்ச்சி சார். நான் பேசுவது எட்டு வயசுப் பிள்ளை கணக்கை ஆசையாகப் போடுகிறாளா இல்லையா என்பதை. பயந்து நடுங்கிக்கொண்டே படித்தும் பாஸ் பண்ணலாம், நான் அப்படித்தான் பண்ணினேன். பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் என்று கேட்டதும் கணக்கு இல்லாத குரூப்பாகப் பார்த்து ஓடினேன்.

மதுரைக்காரன்:
நீங்கள் ஓடியதற்குப் பள்ளிக்கூடம் என்ன செய்யும்?

வாய்ப்பாட்டு வாத்தியார்:
பதினாறாம் வாய்ப்பாடு தெரிந்திருந்தால் ஓடியிருக்க மாட்டார்.

ஒன்றியப் பள்ளி டீச்சர்:
நான் ஒன்று முதல் மூன்று வரை எடுக்கிறேன். 2022இல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபிறகு பிள்ளைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தான் பாடம். ஆனால் நான் கவனித்தது வேறு. பொதுவாக ஒரு கேள்வி கேட்டால் முதலில் கத்துவது பையன்கள். சில சமயம் கேள்வியே முடிந்திருக்காது. பெண் பிள்ளைகள் சரி என்று உறுதியான பிறகுதான் வாயைத் திறப்பார்கள், அதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். இப்போது "விடை என்ன" என்று கேட்பதைக் குறைத்துவிட்டேன். ரெண்டு ரெண்டு பேராகப் பேசச் சொல்லிவிட்டு, "எப்படிக் கண்டுபிடிச்சீங்க" என்று கேட்கிறேன்.

சமீபத்தில் 43லிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னேன். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐஸ் குச்சிக் கட்டுகள் எங்களிடம் உண்டு. ஒரு பெண் கட்டைப் பிரிக்கவே இல்லை. ரெண்டு கட்டை முழுசாக எடுத்துவிட்டாள், அப்புறம் வெளியிலிருந்து மூணு குச்சியைத் திருப்பி வைத்தாள். "இருபதை எடுத்துட்டேன் டீச்சர், மூணு அதிகமா எடுத்துட்டேன்ல, குடுத்துட்டேன்." விடை 26. கடன் வாங்கிக் கழிக்கும் வழியை அவள் தொடவே இல்லை. அவளை போர்டுக்குக் கூப்பிட்டு எல்லாருக்கும் செய்துகாட்டச் சொன்னேன். அன்றைக்கு முழுக்க என் மேஜையைச் சுற்றியே வந்துகொண்டிருந்தாள், இன்னொரு கணக்குக் கொடுங்கள் என்று.

இன்னொன்று, இதைச் சொன்னால் அடிக்க வருவீர்கள். 2010இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. ஒன்று, இரண்டாம் வகுப்பு எடுக்கும் 17 ஆசிரியைகளின் வகுப்புகளைப் பார்த்தார்கள். எந்த டீச்சருக்குக் கணக்கென்றால் பதற்றம் அதிகமோ, அவர் வகுப்புப் பெண் பிள்ளைகளில் அதிகம் பேர் வருஷக் கடைசியில் "கணக்கு பையன்களுக்கு, வாசிப்பு பெண்களுக்கு" என்று நம்பத் தொடங்கினார்கள். அப்படி நம்பிய பெண்களின் மதிப்பெண்ணும் குறைந்தது. பையன்களிடம் அந்த பாதிப்பு இல்லை. வீட்டில் "எனக்கும் கணக்கு வராதுடி" என்று சொல்லும் அம்மாக்களும் இதை யோசிக்கலாம்.

வாய்ப்பாட்டு வாத்தியார்:
பதினேழு டீச்சர். பதினேழே பேர். இதை வைத்து ஊர் உலகத்துக்குத் தீர்ப்பு. அது போகட்டும், உங்கள் மொட்டு மலரெல்லாம் பூக்கடைக்குச் சரி. அந்தக் குழந்தைக்குப் பதினாறாம் வாய்ப்பாடு தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தையில் பதில்.

ஒன்றியப் பள்ளி டீச்சர்:
43லிருந்து 17ஐக் கழிக்கப் பதினாறாம் வாய்ப்பாடு எதற்கு சார்?

வாய்ப்பாட்டு வாத்தியார்:
தெரியாது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நிலாவின் அம்மா:
டீச்சர், மற்றதெல்லாம் சரி. ஆனால் சுற்றிச் சுற்றிக் கடைசியில் அம்மா மேல்தானே வந்து நிற்கிறது? அப்பா "கணக்கு வராது" என்று சொன்னால் ஒட்டாதா?

ஒன்றியப் பள்ளி டீச்சர்:
நான் அப்படிச் சொல்லவில்லை. திரும்பப் படியுங்கள்.

நிலாவின் அம்மா:
படித்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

கோலப்பொடி:
சண்டையை விடுங்கள். பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு இனிக்கவேண்டுமா, வாசலில் கோலம் போடச் சொல்லுங்கள். ஏழு புள்ளி, இடைப்புள்ளி நாலு வரை. மொத்தம் எத்தனை புள்ளி? நடுவில் 7, மேலே 6, 5, 4, கீழேயும் அதே. 37. எண்ணாமல் சொல்லப் பழக்கலாம், சமச்சீர் பழக்கலாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கோலத்தை வைத்துக் கணினி இலக்கணமே எழுதினார்கள், 1974இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. நம் பாட்டிகள் தினமும் வாசலில் போட்டது சும்மா இல்லை.

பழைய பெஞ்சு:
அதாவது பையன் கிரிக்கெட் ரன்ரேட் போட்டுக் கணக்குப் படிப்பான், பெண் வாசல் கூட்டிக் கோலம் போட்டுப் படிப்பாள். பேஷ்.

கோலப்பொடி:
கூட்டச் சொன்னேனா? பையனும் போடட்டும், யார் தடுத்தது? எங்கள் தெருவில் மார்கழிப் போட்டியில் ஒரு பையன்தான் போன தடவை பரிசு வாங்கினான்.

மதுரைக்காரன்:
ஏழு புள்ளி என்றால் ஏழேழு நாற்பத்தொன்பது இல்லையா? 37 எப்படி?

கோலப்பொடி:
அது புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வைக்கும் நேர்ப்புள்ளி. நான் சொன்னது ரெண்டு புள்ளிக்கு இடையில் வைக்கும் இடைப்புள்ளி.

மதுரைக்காரன்:
எங்கள் ஊரில் ஏழு புள்ளி என்றால் 49தான்.

வாய்ப்பாட்டு வாத்தியார்:
பேச்சை மாற்றவேண்டாம். வேகமாகச் சொல்லவைத்தால் பெண் பயந்துவிடுவாள் என்கிறீர்களே, சகுந்தலா தேவி யார்? 1980இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரண்டு பதின்மூன்று இலக்க எண்களைப் பெருக்கி 28 விநாடியில் விடை சொன்னார். கடிகாரம் வைத்துத்தான் கேட்டார்கள். அவர் அழுதாரா?

தரவுப்பித்தன்:
நல்ல உதாரணம். சகுந்தலா தேவியின் அப்பா சர்க்கஸ்காரர். மகளுக்கு மூன்று வயதில் சீட்டு வித்தை காட்டிக்கொண்டிருந்தபோதுதான் மகளின் எண் ஞாபகம் அவருக்குத் தெரிந்தது. ஒழுங்கான பள்ளிப் படிப்பும் கிடையாது. யாரும் எழுப்பி நிற்கவைக்கவில்லை. சீட்டு விளையாட்டில் பிடித்துக்கொண்ட பெண். பையன்கள்தான் விளையாட்டில் பிடித்துக்கொள்வார்கள் என்று எழுதியது யாரோ?

வாய்ப்பாட்டு வாத்தியார்:
சகுந்தலா தேவிக்குப் பதினாறாம் வாய்ப்பாடு தெரியாது என்று நிரூபியுங்கள், நான் இந்தத் தளத்தை விட்டே போகிறேன்.

பழைய பெஞ்சு:
இதையேதான் போன தடவையும் சொன்னீர்கள்.

நிலாவின் அம்மா:
அப்படியே சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்த கணிதவியலாளர் ராமன் பரிமளாவையும் கேட்டுவிடலாம். 2010இல் ஹைதராபாத்தில் நடந்த உலகக் கணிதவியலாளர் மாநாட்டில் முழு அவையின் முன் பேசியவர். என்ன கேட்டாலும் பதினாறு என்றால் வேறு எப்படிப் பேசுவது? டீச்சர், கோபப்படாமல் ஒன்று சொல்லுங்கள். அந்த ரெண்டு ரெண்டு பேராகப் பேசவைக்கும் முறையை என் மகளின் பள்ளியில் எப்படிக் கேட்பது? கேட்டால் "உங்கள் பெண் கொஞ்சம் ஸ்லோ" என்று எழுதி வைத்துவிடுவார்களோ என்று இருக்கிறது.

ஒன்றியப் பள்ளி டீச்சர்:
கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள். தனியாகப் போய், அவள் அம்பத்தாறு கண்டுபிடித்த வழியை நோட்டில் அவள் கையாலேயே எழுதவைத்துக் காட்டுங்கள். பார்த்தால் அவருக்கே

வாய்ப்பாட்டு வாத்தியார்:
நோட்டில் எழுதும்போது அந்தப் பதினாறையும் எழுதவேண்டும் அல்லவா? அப்போது கேளுங்கள், அது எங்கிருந்து வந்தது என்று. நான் கேட்டு எத்தனை நேரம் ஆயிற்று, ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

ஒன்றியப் பள்ளி டீச்சர்:
சார், நான் எழுதி முடிப்பதற்குள் குறுக்கே வந்துவிட்டீர்கள். என் வகுப்பில் நடப்பது அப்படியே இங்கேயும் நடக்கிறது.

வாய்ப்பாட்டு வாத்தியார்:
தட்டச்சில் வேகம் போதாது டீச்சர். பயிற்சி வேண்டும்.

மதுரைக்காரன்:
கோலப்பொடி, வீட்டில் கேட்டுவிட்டேன். 49தான்.

கோலப்பொடி:
எந்தப் புள்ளி என்று கேட்டீர்களா?