கிராமத்துக்கு ஒரு எச்.ஐ.வி. கிட் போதுமா?

ஆய்வகவாசி:
நேற்று துணை சுகாதார நிலையங்கள் பற்றிய இழையில் மலைச்சாரல் எழுதியது இது: "ஊருக்குள்ள விரல்ல குத்திப் பார்க்கிற கிட் ஒண்ணு போதும். இருபது நிமிஷத்துல முடிவை அங்கேயே சொல்லிடலாம். மூணு கிட்டுல உறுதி பண்றது, கவுன்சிலிங் எல்லாம் வர்ற ஆளை விரட்டுற வேலை." அதற்குப் பலர் விருப்பம் வேறு போட்டிருக்கிறார்கள். படித்ததும் வயிறு எரிந்தது. அதனால் தனி இழை.

கணக்கைப் பாருங்கள். அரசு வாங்கும் கிட்டுக்கு நாகோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) வைத்த குறைந்தபட்சத் தகுதி, உணர்திறன் (தொற்று உள்ளவரைச் சரியாகப் பிடிப்பது) 99.5 சதவீதம், தனித்தன்மை (தொற்று இல்லாதவரை இல்லை என்று சரியாகக் காட்டுவது) 98 சதவீதம். ஆயிரம் கர்ப்பிணிகளில் 2 பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். மீதி 998 பேரில் 20 பேருக்கு அந்தக் கிட் பொய்யாகக் கோடு காட்டலாம். முதல் கோடு கிட் வேலை செய்கிறது என்பதற்கு, இரண்டாவது தொற்று இருக்கலாம் என்பதற்கு. மொத்தம் 22 பேருக்கு இரண்டாவது கோடு விழும், அதில் 20 பேருக்கு நோயே இல்லை. அந்த 20 பெண்களையும் அங்கன்வாடித் திண்ணையில் உட்காரவைத்து "உனக்கு எச்.ஐ.வி." என்று சொல்வீர்களா?

மலைச்சாரல்:
அந்த 20 எங்கேர்ந்து வந்துச்சு? 98ங்கிறது டெண்டர்ல போடுற கீழ் எல்லை. கைக்கு வர்ற கிட்டோட தாளைப் பிரிச்சுப் படிங்க சார், 99.5க்கு மேலதான் இருக்கும். அப்போ 5 பேர். நாலு மடங்கு ஏத்திச் சொல்லி ஜனங்களைப் பயமுறுத்தாதீங்க.

ஆய்வகவாசி:
சரி, உங்கள் 5ஐயே எடுத்துக்கொள்கிறேன். நிஜம் 2, பொய் 5. அப்போதும் கோடு விழுந்தவர்களில் பாதிக்கு மேல் நோயில்லாதவர்கள்தான்.

ஆனால் 20 என்று நான் சொன்னது சும்மா இல்லை. தாளில் இருக்கும் 99.5 ஆய்வகத்தில், தேர்ந்த கையால் செய்து பார்த்தது. துணை நிலையத்தில் நடப்பது வேறு. ஸ்பிரிட் காயும் முன் குத்துவார்கள். முதல் சொட்டை உலர்ந்த பஞ்சால் துடைக்க மாட்டார்கள். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிதுக்குவார்கள், திசுநீர் கலந்துவிடும். ஒரு பெட்டியின் கரைசலை இன்னொரு பெட்டியின் பட்டைக்கு விடுவார்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கிட்டை அறை வெப்பத்துக்கு வரவிடாமல் உறையைக் கிழிப்பார்கள். எல்லாவற்றையும்விட மோசம் நேரம். கிட்டைப் பொறுத்து 15 அல்லது 20 நிமிடத்தில் படிக்க வேண்டும். அடுத்த பெண்ணுக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு முக்கால் மணி கழித்து வந்து பார்த்தால், காய்ந்த பட்டையில் மங்கலாக ஒரு கோடு தெரியும். அதையும் ரியாக்டிவ், அதாவது இரண்டாவது கோடு விழுந்தது, என்று எழுதுவார்கள். கட்டுப்பாட்டுக் கோடே விழாத பட்டையைச் செல்லாது என்று போட்டுவிட்டுப் புதுப் பட்டையில் செய்ய வேண்டும். அதை நெகடிவ் என்று எழுதுகிறவர்களும் உண்டு.

செவிலி அக்கா:
தம்பி, குறை எல்லாத்தையும் வி.எச்.என். (கிராம சுகாதாரச் செவிலி) தலையிலயே கட்டுறீங்க. ஒரே ஆள் எடை பார்த்து, பி.பி. பார்த்து, ஊசி போட்டு, விரலும் குத்தி, பதிவேடும் எழுதணும். டைமர் எத்தனை இடத்துல குடுத்திருக்காங்க?

அதை விடுங்க. வெள்ளைக்கோட்டுக்காரங்க யாரும் பேசாத ஒண்ணு இருக்கு. கோடு விழுந்தவளை மட்டும் "நீ இரும்மா"ன்னு நிறுத்தக்கூடாது. வாசல்ல இருக்கிற பத்துப் பேருக்கும் அந்த நிமிஷமே தெரிஞ்சுபோயிடும். எல்லாரையும் ஒரே அளவு நேரம் காக்க வைக்கணும், எல்லாரையும் ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டுப் பேசணும், எல்லார் கையிலயும் ஒரே மாதிரி சீட்டு குடுக்கணும். தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதை ஸ்கேன் எடுக்குற நாளோட சேர்த்துப் போட்டா வீட்ல ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க. "இந்தச் சோதனை தெளிவா வரல, இன்னும் ரெண்டு சோதனை பார்த்தாத்தான் முடிவு சொல்ல முடியும்"னு தனியா வச்சுச் சொல்லணும். பொய்யும் இல்ல, தீர்ப்பும் இல்ல.

மலைச்சாரல்:
அக்கா சொல்றது சரி. ஆனா அப்படிப் போன பொண்ணு தாலுகாவுக்குப் போய்ச் சேர்றாளா? ரெண்டு பஸ் மாறணும், ஒரு நாள் கூலி போச்சு, மாமியாரோ வீட்டுக்காரரோ கூட வருவாங்க. எட்டாம் மாசத்துல வந்தவளுக்கு ஒவ்வொரு வாரமும் கணக்கு. எச்.ஐ.வி.யை அடக்குற ஏ.ஆர்.டி. மாத்திரை சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் பிரசவத்துக்குள்ள வைரஸ் இறங்கும். மூணு கிட் மூணு கிட்னு நீங்க ஆளைத் தவற விடுறதால பிறக்கிற குழந்தைக்கு வந்தா யார் பொறுப்பு? இதுக்கு மட்டும் ஒரு எண்ணும் வாயிலேர்ந்து வராது. 20 மட்டும் வரும்.

கருப்புக்கோட்டு:
சட்டம் என்ன சொல்கிறது என்று யாராவது பார்த்தீர்களா? 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 10 செப்டம்பர் 2018 முதல் அமலில் உள்ளது. ஐந்தாம் பிரிவின்படி, தெரிந்து தரும் ஒப்புதல் இல்லாமல் சோதனை கூடாது. சோதனைக்கு முன்னும் பின்னும் தரும் ஆலோசனை அந்த ஒப்புதலிலேயே அடங்கும். கவுன்சிலிங் "விரட்டுற வேலை" என்றால் நீங்கள் விரட்டுவது சட்டத்தை.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இரு தரப்பும் நேர்மையாக இல்லை. மற்ற ரத்தப் பரிசோதனைகளோடு இதையும் சேர்த்து எடுத்துவிட்டு, வேண்டாம் என்றால் சொல்லலாம் என்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே அவளுக்குத் தெரியாவிட்டால் இது என்ன விருப்பச் சோதனை?

செவிலி அக்கா:
வக்கீல் சார், பத்துப் பேரைச் சேர்த்து உட்காரவச்சுத் தகவல் சொல்லலாம், அதுக்கு வழிகாட்டுதல் இருக்கு. சம்மதம் மட்டும் ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியாக் கேக்கணும். "வேண்டாம்னா வேண்டாம், மத்த சிகிச்சை எதுவும் நிக்காது"ங்கிற ஒரு வரியைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது.

ஆய்வகவாசி:
மலைச்சாரலுக்கு: தவறிப்போகிறவர்களுக்கான மருந்து ஒற்றைக் கிட் இல்லை. கூட ஆள் அனுப்புங்கள், பஸ் காசு கொடுங்கள், வாரம் ஒரு நாள் நம்பிக்கை மைய (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகரையும் டெக்னீஷியனையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவழையுங்கள். இன்னும் விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கிராமத்தில் நடப்பது சலித்தெடுப்பு (ஸ்கிரீனிங்). நோய் உறுதி வேறு. வெவ்வேறு தயாரிப்பு, வெவ்வேறு முறையில் மூன்று கிட். மூன்றும் ரியாக்டிவ் என்றால்தான் பாசிட்டிவ். முதலாவது மட்டும் ரியாக்டிவ், மற்ற இரண்டும் இல்லை என்றால் நெகடிவ். இரண்டு ரியாக்டிவ், ஒன்று இல்லை என்றால் முடிவு சொல்லாமல் 14 முதல் 28 நாள் கழித்து மறுபடி. பொய்க்கோட்டை அந்த இரண்டாவது, மூன்றாவது கிட்தான் பிடித்து வெளியே தள்ளுகிறது. அந்த 20 பேரைக் காப்பாற்றுவது அதுதான்.

மலைச்சாரல்:
5 பேர்.

ஆய்வகவாசி:
98க்கு 20. பெருக்கிப் பாருங்கள்.

மலைச்சாரல்:
98 சதவீத கிட் எந்தத் துணை நிலையத்துல இருக்கு? பேர் சொல்லுங்க. சொல்ல முடியாதுல்ல? அப்போ அந்த 20ஐ எடுத்துடுங்க.
ஆள் வர முடியலன்னா ரத்தத்தை அனுப்புங்களேன். அங்கேயே 5 மில்லி எடுத்து, ஐஸ் பெட்டியில வச்சு சாயங்கால வண்டியில ஏத்துனா மூணு கிட்டும் தாலுகாவுல போட்டுக்கலாமே.

ஆய்வகவாசி:
ஐஸ் கட்டியை ஒட்டி முழு ரத்தக் குழாயை வைத்தால் அணுக்கள் உடைந்து சிவப்பாகிப்போகும். சீரம் பிரித்து அனுப்ப வேண்டும். அதற்குச் சுழற்றும் இயந்திரமும் கரண்டும் வேண்டும். குழாயில் என்ன எழுதுவீர்கள்? பெயர் எழுதினால் வண்டி ஓட்டுபவர் முதல் எல்லோரும் படிப்பார்கள். எண் மட்டும் எழுதி, பதிவேட்டைப் பூட்டிவைக்க வேண்டும். முடிவு திரும்பி வரும்போது ஆலோசகர் வருகிறாரா, தாள் மட்டும் வருகிறதா? தாள் வந்தால் அது தபால் வேலை.

லாரிப்பட்டறை:
எல்லாரும் கர்ப்பிணியையே பேசுறீங்க. நாமக்கல் பக்கம் லோடு ஏத்திட்டு மாசக்கணக்கா வெளிய போற டிரைவருக்கு ஒரு கோடுதான் விழுதுன்னு வைங்க. "ஒண்ணும் இல்லப்பா, போ"ன்னு அனுப்புறீங்களே, அதுதான் பெரிய தப்பு. போன வாரம் தொற்று ஏறியிருந்தா இன்னைக்குக் கிட்டுல தெரியாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி வரச்சொல்லணும், அதுவரைக்கும் ஆணுறை கண்டிப்புன்னு சொல்லணும். நெகடிவ் வந்தவனுக்குத்தான் கவுன்சிலிங் நேரம் அதிகம் வேணும். அவன் ஊர்ல இல்லாதப்ப எந்த ஊர் நம்பிக்கை மையத்துலயும் பார்க்கலாம், சந்தேகம்னா 1097 எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு அடிக்கலாம்னும் சொல்லி விடுங்க.

மலைச்சாரல்:
நல்ல பாயிண்ட். ஆனா சார் இதுக்கும் 20ன்னு ஒரு கணக்கு கொண்டுவருவாரு.

ஆய்வகவாசி:
கொண்டுவருவேன். பிப்ரவரியில் கிட் சேமிப்பு இழையிலும் நீங்கள் இப்படித்தான். மே மாத வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் கிட் கொண்டுபோகலாம் என்று வாதாடினீர்கள். பெட்டியிலேயே 2 முதல் 30 டிகிரி வரை என்று அச்சடித்திருக்கிறது. அந்த டிக்கிக் கிட்டின் தனித்தன்மை 99.5 என்று இப்போது என்னிடம் சாதிக்கிறீர்கள்.

மலைச்சாரல்:
டிக்கியில தெர்மாகோல் பெட்டிக்குள்ள வச்சுன்னு எழுதியிருந்தேன். பாதியை மட்டும் எடுத்துப் பேசாதீங்க.

செவிலி அக்கா:
தெர்மாகோல் பெட்டி மதியம் வரைக்கும்தான் தாங்கும், அதுவும் மூடியைத் திறந்து திறந்து மூடாம இருந்தா. உள்ள ஒரு வெப்பமானியைப் போடுங்க, சண்டையே வேண்டாம்.

கருப்புக்கோட்டு:
மருத்துவப் பக்கத்துக்கு இன்னொரு கேள்வி. கணவனிடம் யார் சொல்வது? ஒன்பதாம் பிரிவின்படி டாக்டரோ ஆலோசகரோ மட்டும்தான் சொல்லலாம், அதுவும் அவளையே சொல்லவைக்க முயன்ற பிறகு, அவளிடம் முன்கூட்டித் தெரிவித்துவிட்டு. அவளை அடிப்பார்கள், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்று அஞ்ச நியாயமான காரணம் இருந்தால் சொல்லவே கூடாது. திண்ணையில் முடிவு சொல்பவர்களுக்கு இது தெரியுமா?

மலைச்சாரல்:
திண்ணைன்னு நான் எங்கயும் எழுதல. அது ஆய்வகவாசி சேர்த்தது. 20 மாதிரியே.

ஆய்வகவாசி:
"ஊருக்குள்ள, அங்கேயே" என்று எழுதியது நீங்கள். துணை நிலையத்தில் கதவு மூடும் தனியறை எத்தனை இடத்தில் இருக்கிறது, சொல்லுங்கள். 998ஐ 0.02ஆல் பெருக்கினால் 19.96. இழை முழுக்கக் கேட்டீர்கள், எழுதிவிட்டேன்.

மலைச்சாரல்:
0.005ஆல பெருக்குங்க.