பக்தி கூடினால் ஊர்ப் பிரச்சினை குறையுமா, பிரச்சினை கூடியதால்தான் பக்தி கூடுகிறதா?

செந்தூல்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற கேள்வி இது. போன வாரம் எங்கள் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் இதை வைத்துப் பெரிய வாக்குவாதமே ஆகிவிட்டது, அதனால் இங்கே கேட்கிறேன்.

நான் கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். எங்கள் புளோக்கை ஒட்டி இருக்கிற சின்ன அம்மன் கோயிலில் பத்து வருடமாகத் தொண்டு செய்கிறேன். ஆடியில் கூழ் காய்ச்சுவது, தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல், வெள்ளிக்கிழமை பாத்திரம் கழுவுவது எல்லாம். பக்தி குறைந்துவிட்டது என்று யார் சொன்னாலும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. பத்துமலையில் தைப்பூசத்தன்று அந்த 272 படியில் கால் வைக்க இடம் கிடைக்கிறதா? எங்கள் கோயிலிலேயே நான் சேர்ந்த புதிதில் நாற்பது பால்குடம், இந்த வருடம் இருநூறுக்கு மேல்.

ஆனால் அதே புளோக்கில்தான் படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்திய பையன்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், குண்டர் கும்பலுக்கு ஆள் சேர்க்கிறவன் அதே படிக்கட்டுக்குத்தான் வந்து போகிறான். ஒரு பையன், வயது பதினெட்டு, தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தான். அவன் காவடிக்கு மயிலிறகு கட்டியது நான்தான், கம்பி குத்தி விரலில் ரத்தம் வந்தபோது அவனே ஓடிப்போய் மஞ்சள் எடுத்துவந்து வைத்தான். மூன்றாவது மாதம் அவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவன் அம்மா கோயில் வாசலில்தான் வந்து உட்கார்ந்து அழுதார்.

கூட்டத்தில் எங்கள் தலைவர் சொன்னது: "தேவார வகுப்பை நிறுத்தினோம், பிள்ளைகள் கெட்டுப் போச்சு." என் அக்கா மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், அவன் எழுந்து, "தாத்தா, டென்மார்க், சுவீடன், ஜப்பான் எல்லாம் சாமியைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாத நாடுகள், அங்கேதான் கொலை கொள்ளை குறைவு" என்று கைப்பேசியில் ஏதோ வரைபடத்தைக் காட்டினான். தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. நம் நாட்டுக் கொள்கைப் பிரகடனமான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல், நம் நாட்டையே அதன் மேல்தான் கட்டியிருக்கிறோம், நீ என்ன பேசுகிறாய் என்றார்.

இரண்டு பேரில் யார் சொல்வது சரி? மனதார அறிய ஆசைப்பட்டுக் கேட்கிறேன், சண்டை மூட்டிவிட இல்லை.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

நல்ல கேள்வி அண்ணே. எனக்குப் புள்ளிவிவரம்தான் வேலை, தெரிந்த வரைக்கும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உங்கள் அக்கா மகன் காட்டிய வரைபடத்துக்கு ஒரு கதை இருக்கிறது. 2005-ல் கிரெகரி பால் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். டைனோசர் படங்கள் வரைவதில் பெயர் வாங்கியவர் அவர். வசதியான ஜனநாயக நாடுகளை வரிசைப்படுத்தி, கடவுள் நம்பிக்கையும் வழிபாடும் அதிகமுள்ள இடத்தில் கொலை, பதின்ம வயதுக் கர்ப்பம், பால்வினை நோய் எல்லாம் அதிகம் என்று காட்டினார். உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அதைத் தூக்கிப் பிடித்தன. ஆனால் அந்த நாடுகளில் அமெரிக்கா மட்டும் தனியாக ஒரு மூலையில் நிற்கிறது, பக்தியும் அதிகம், கொலையும் அதிகம். அந்த ஒரு நாட்டை எடுத்துவிட்டால் கோடு எவ்வளவு தேறும் என்பதுதான் முதல் சந்தேகம். துப்பாக்கியும், எல்லாருக்கும் மருத்துவம் கிடைக்காததும், இனப் பிரிவினையும் அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. அடுத்த வருடமே அதே ஆய்விதழில் கேரி ஜென்சன் என்பவர், பக்தி என்று ஒரே அளவுகோலை வைத்தால் தப்பு, கடவுளும் சாத்தானும் எதிரெதிரே நிற்கிற மாதிரி உலகைப் பார்க்கிற நம்பிக்கைக்குத்தான் கொலை விகிதத்தோடு தொடர்பு தெரிகிறது என்று எழுதினார்.

அமெரிக்காவுக்குள்ளேயே பாருங்கள். மிசிசிப்பி ரொம்பப் பக்தியான மாநிலம், ரொம்ப ஏழை மாநிலம், கொலை அதிகம். யூட்டாவும் பக்தியான மாநிலம்தான், மோர்மன் சமயத்தார் நிறைந்த இடம், அங்கே கொலை குறைவு. வெர்மான்ட்டில் பக்தி குறைவு, கொலையும் குறைவு. இதில் எங்கே கோடு போடுவீர்கள்?

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். ஜோகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமயம் இல்லை என்று சொன்னவர்கள் அங்கே 20 விழுக்காடு, மீதி எல்லாரும் ஏதோ ஒரு சமயத்தைச் சொன்னவர்கள். உலகத்திலேயே கொலை குறைந்த இடங்களில் அது ஒன்று. நம் மலேசியாவிலும் சமயம் இல்லாதவர்களை விரல்விட்டு எண்ணலாம், கொலை விகிதம் அமெரிக்காவை விட மிகக் குறைவு. ரஷ்யாவிலோ எழுபது வருடம் அரசாங்கமே கடவுள் இல்லை என்றது, சோவியத் உடைந்து வேலையும் சேமிப்பும் காணாமல் போன 1990-களில் ஒரு லட்சம் பேருக்கு 30 கொலை என்ற அளவுக்குப் போனது. ஆக, சாமி இல்லை என்று சொல்லிவிட்டால் ஊர் தானாகத் திருந்திவிடாது.

எனக்குச் சரியாகப் படுவது 2004-ல் பிப்பா நோரிசும் ரொனால்ட் இங்கிள்ஹார்ட்டும் சொன்னது. நாளைக்குச் சோறு உண்டா, நோய் வந்தால் யார் பார்ப்பார்கள், வேலை போனால் வீடு நிற்குமா என்ற பயம் இருக்கிற இடத்தில் மக்கள் சமயத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பயம் தலைமுறைக் கணக்கில் விலகினால் பிடியும் மெல்லத் தளர்கிறது. டென்மார்க்கில் இன்றும் பத்துப் பேரில் ஏழு பேர் தேசியத் தேவாலயத்தில் உறுப்பினர்கள், ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள்தான் குறைவு. அங்கே பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வரிப்பணம் பதில் சொல்கிறது. அதாவது பயம்தான் ஒரு பக்கம் குற்றத்தையும் வளர்க்கிறது, இன்னொரு பக்கம் கோயிலையும் நிரப்புகிறது. கோயில் நிரம்பியதால் குற்றம் வந்தது என்று படிப்பது தலைகீழ் வாசிப்பு.

கெப்போங்வாசி எழுதியது:

தம்பி, நீங்கள் படித்தவர், மறுக்கவில்லை. ஆனால் பயத்தில்தான் சாமி கும்பிடுகிறோம் என்பது போல வந்து முடிகிறதே, அது எனக்கு வலிக்கிறது.

என் அப்பா லாரி அட்டெண்டண்டாக இருந்தவர். சம்சு என்கிற மலிவான சாராயம் குடிப்பார். ஒரு வெள்ளி இரண்டு வெள்ளிக்குப் போத்தல் கிடைத்த காலம். சம்பள நாள் சாயங்காலம் அம்மா எங்களைக் கட்டிலுக்கு அடியில் அனுப்பிவிடுவார், நாங்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு சத்தம் போடாமல் போய்ப் படுத்துக்கொள்வோம். நான் ஆறாம் ஆண்டு படித்தபோது அவர் முதல் தடவையாக 48 நாள் விரதம் இருந்து முருகனுக்குக் காவடி எடுத்தார். அதற்கப்புறம் இறக்கும் வரைக்கும் தொடவில்லை, இருபத்து மூன்று வருடம். எந்த அரசாங்கமும் வந்து நிறுத்தவில்லை, எந்த மருத்துவமனையும் நிறுத்தவில்லை. நாட்டுக் கணக்கில் என் அப்பா எந்தக் கோட்டில் வருவார் என்று சொல்லுங்கள்.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

அண்ணே, மன்னித்துக்கொள்ளுங்கள், அப்படிப் படும்படி எழுதியது என் தப்பு. உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் சொன்னதை ஆராய்ச்சியும் ஒத்துக்கொள்கிறது. ஒரே ஊருக்குள் ஆளுக்கு ஆள் ஒப்பிட்டால், தவறாமல் வழிபாட்டுக்குப் போகிறவர்களிடம் குடியும் போதைப்பொருளும் குறைவு என்று அமெரிக்க ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. நாட்டுக்கு நாடு பார்த்தால் ஒரு மாதிரி, ஆளுக்கு ஆள் பார்த்தால் வேறு மாதிரி.

இது எப்படி என்றால், 1950-ல் ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1930 அமெரிக்கக் கணக்கெடுப்பை வைத்துக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவு அதிகம். சரி, குடியேறியவர்கள்தான் நன்றாகப் படித்தவர்கள் போல என்று நினைப்போம். ஆளாளாக எண்ணினால் அவர்களிடம்தான் எழுத்தறிவு குறைவு! ஏற்கெனவே எழுத்தறிவு கூடிய மாநிலங்களில் அவர்கள் போய்க் குடியேறியதால் அப்படித் தெரிந்தது. மாநிலக் கணக்கை வைத்து மனிதரைப் படிக்கக் கூடாது. அக்கா மகன் செய்தது இந்தத் தப்பு. தலைவர் செய்தது இதன் மறுபக்கம், ஆளுக்கு ஆள் பொருந்துவதை வைத்து ஊருக்கே அதுதான் காரணம் என்று நினைத்தது.

ஒன்று கேட்கலாமா? அப்பா அந்த 48 நாளை எப்படிக் கடந்தார்?

கெப்போங்வாசி எழுதியது:

மூன்று பேர் சேர்ந்து விரதம் இருந்தார்கள். வேலை முடிகிற நேரத்துக்கு அவர்களில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து காத்திருப்பார், நேராகக் கோயிலுக்கு. சம்சுக் கடை இருந்த பக்கம் போகவே விடமாட்டார். விரதம் முடிந்த பிறகும் பல வருடம் வந்துகொண்டிருந்தார். முருகன் அனுப்பிய ஆள் என்றுதான் அப்பா சொல்வார், நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

தண்ணீர்மலை டீச்சர் எழுதியது:

செந்தூல் தம்பிக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம். நான் பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், பிறந்து வளர்ந்தது செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில். நாடுகளைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. தோட்டத்தைப் பற்றித் தெரியும்.

எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துக்குக் கிழக்கே மாரியம்மன் கோயில், மேற்கே கள்ளுக்கடை. இரண்டுக்கும் இடம் கொடுத்தது ஒரே நிர்வாகம். தீமிதி நாளில் பூக்குழி இறங்குகிறவரும், மறுநாள் சாயங்காலம் கள்ளுக்கடை வாசலில் மங்குடன் நிற்கிறவரும் ஒரே ஆள்தான், எங்கள் பெரியப்பா! பக்தியில் குறை சொல்ல முடியாது. விடியற்காலை ஐந்தரைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, வாளி தூக்கி, மழை பெய்தால் அன்றைக்குக் கூலி இல்லை. அந்த வாழ்க்கையில் மனிதன் எதைப் பிடித்துக்கொள்வான்? கிடைத்த இரண்டையும் பிடித்துக்கொண்டார்கள்.

தோட்டத்தை விற்றபோது எல்லாம் ஒரே நாளில் போனது, வீடு, ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம், கோயில். எங்கள் ஆட்கள் அடுக்குமாடிக்கு வந்தார்கள். கேட்க ஆள் இருந்த இடத்திலிருந்து யாருக்கும் யாரையும் தெரியாத இடத்துக்கு. சாமி படத்தை முதலில் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள், பக்தி ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. பிள்ளைகள் தடம் மாறியது அதற்கப்புறம்தான். அதனால் "பக்தி குறைந்தது, பிள்ளைகள் கெட்டார்கள்" என்று உங்கள் தலைவர் சொல்வதை நான் பார்த்த வாழ்க்கை ஒத்துக்கொள்ளவில்லை.

ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது உங்களில் பல பேருக்குத் தெரிந்திருக்கும். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் தோட்டங்கள் கைமாறி ஆட்கள் நடுத்தெருவுக்கு வந்துகொண்டிருந்த நேரம். தொழிலாளிகளிடமே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டத்தை வாங்கினார்கள். அவரும் பக்திமான்தான், பணம் கட்டியவர்களும் பக்திமான்கள்தான். கும்பிட்டார்கள், பணமும் கட்டினார்கள்.

இங்கே பினாங்கில் தைப்பூசத்துக்கு ரதம் வரும்போது ரோட்டில் தேங்காய் மலைபோலக் கிடக்கும். அளவாக உடையுங்கள் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நானும் உடைக்கிறவள்தான், ஒன்று உடைப்பேன், தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படியும் இன்னும் ஏறுகிறேன். ஆனால் அந்தச் சிதறலைப் பார்க்கும்போது என் வகுப்பில் மூக்குக்கண்ணாடி இல்லாமல் கரும்பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்று எழுதிய பிள்ளை ஞாபகம் வரும். எனக்கு அது தாங்காது.

தம்பி, ஒரு காரியம் சொல்கிறேன். பிள்ளை நழுவுகிற இடம் எனக்குத் தெரியும். ஆறாம் ஆண்டு தமிழ்ப்பள்ளியில் முடித்துவிட்டு மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறானே, அந்த முதல் இரண்டு வருடம். பாடம் புரியாது, கேட்க வெட்கம், பின் வரிசைக்குப் போவான், அப்புறம் படிக்கட்டுக்கு. நானும் இன்னும் இரண்டு ஓய்வுபெற்ற டீச்சர்களும் ஒரு கோயில் மண்டபத்தில் ஒன்பது வருடமாக வகுப்பு நடத்துகிறோம். ஆறரைக்கு மைலோவும் ரொட்டியும், ஏழுக்கு ஒரே ஒரு தேவாரம், அப்புறம் மலாய், கணிதம். தேவாரத்தை விடவில்லை, ஏனென்றால் பிள்ளைகளுக்கு அது பிடிக்கிறது, சேர்ந்து பாடினால் குரல் திறக்கிறது. மைலோவை நிறுத்திய மாதம் பாதிப் பேர் வரவில்லை, பசியோடு வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

செந்தூல்வாசி எழுதியது:

டீச்சர், நீங்கள் எழுதியதை நேற்றிரவு தலைவருக்கு வாசித்துக் காட்டினேன். கள்ளுக்கடை பக்கம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான், காப்பாரில். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், மண்டபத்தைக் கல்யாணத்துக்கு மட்டும்தானே திறக்கிறோம், செவ்வாய் வியாழன் சும்மாதானே கிடக்கிறது என்று அவரே சொன்னார்.

கெப்போங் அண்ணே, மோட்டாரில் வந்து காத்திருந்தவரைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குத் தூக்கம் வரவிடவில்லை. காவடி முடிந்த மறுநாள் அந்தப் பையன் வீட்டுக்கு நான் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. அடுத்த தைப்பூசத்துக்குத்தான் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன். இப்போது ஜாமீனில் வந்திருக்கிறான், நேற்றுப் போய்ப் பார்த்தேன். உருமி மேளம் நன்றாக அடிப்பான், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவாயா என்று கேட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வாசல் வரைக்கும் வந்து நின்றான்.

அக்கா மகன் கணிதம் எடுக்கிறேன் என்றிருக்கிறான், தலைவர் தேவாரம். மலாய்க்குத்தான் ஆள் இல்லை. செந்தூல், கெப்போங், ஜிஞ்சாங் பக்கம் யாராவது செவ்வாய்க்கிழமை இரவு ஏழரைக்கு வர முடிந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து திரும்பவும் கொண்டுபோய் விட நான் இருக்கிறேன். டீச்சர், முதல் வாரம் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள்? எத்தனை ரொட்டி வாங்குவது என்று தெரியவில்லை.

தண்ணீர்மலை டீச்சர் எழுதியது:

நான்கு பேர் வந்தார்கள் தம்பி. நீங்கள் பத்துப் பேருக்கு வாங்குங்கள், தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.