ஏற்காட்டு ஈரத்தில் எம்ப்ராய்டரி ஊசி கறுக்கிறது, புல்லியன் சுற்றும் சிக்குகிறது: உதவுங்கள்

மலைக்காரி (ஏற்காடு):
வணக்கம். தலையணை உறை, பிளவுஸ் என்று வீட்டிலேயே கை எம்ப்ராய்டரி போடுகிறேன். ஐப்பசியில் மூடுபனி இறங்கிவிட்டால் ஊசியெல்லாம் கறுத்து, துணிக்குள் போகும்போது சொரசொரவென்று இழுக்கிறது. ஊசிகளைக் குத்தி வைப்பது பஞ்சு அடைத்த சின்ன ஊசி மெத்தையில். ஃப்ரேமில் இருந்த வெள்ளைத் துணியில் ஊசி செருகியிருந்த இடத்தில் துருக்கறை வேறு. புல்லியன் என்பது ஊசியில் நூலைச் சுற்றி, அந்தச் சுற்றுக்குள் ஊசியை உருவிப் போடும் தையல். அதில் ரோஜாவுக்கு ஏழெட்டுச் சுற்று சுற்றி இழுத்தால் ஊசி காதுப் பக்கம் நின்றுவிடுகிறது. 9ஆம் நம்பர் ஊசி, ஆங்கர் நூல் மூன்று இழை. நூலும் பிசிறடிக்கிறது. ஊசி மட்டமா?

நூல்கண்டு (சேலம்):
ஊசி மட்டமில்லை, வகைதான் பொருந்தவில்லை. உங்களிடம் இருப்பது எம்ப்ராய்டரி ஊசி. பாக்கெட்டில் க்ரூவல் என்றும் போட்டிருக்கும். பல இழை கோர்க்க வசதியாக அதன் காது நீளமாக, உடம்பைவிடப் புடைத்து இருக்கும். நீங்கள் சுற்றிய நூல் உடம்பின் தடிமனுக்கு இறுகியிருக்கிறது, புடைத்த காது அதற்குள் எப்படி நுழையும்? மில்லினர்ஸ் ஊசி கேளுங்கள், ஸ்ட்ரா ஊசி என்றும் சொல்வார்கள். நீளமாக, காதுவரை ஏறக்குறைய ஒரே தடிமனில் இருக்கும், சுற்று வழுக்கிக்கொண்டு வந்துவிடும். காது சின்னது, கோர்ப்பதுதான் கொஞ்சம் பாடு. பிரெஞ்சு முடிச்சுக்கும் நான் இதைத்தான் எடுப்பேன்.

பிசிறுக்குக் காரணம் நம்பர். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். மூன்று இழைக்கு 9 பத்தாது, 7 எடுங்கள். ஒரு இழைக்கு 10, இரண்டுக்கு 9 அல்லது 8, ஆறு இழையும் சேர்த்தால் 3 அல்லது 4. நூல் போக வழி திறப்பது ஊசியின் வேலை. ஒவ்வொரு குத்துக்கும் பிடுங்கி இழுக்க வேண்டியிருந்தால் ஊசி சின்னது. தைத்த பிறகு நூலைச் சுற்றி ஓட்டை தெரிந்தால் பெரிது. நூலையும் விரல் நுனியிலிருந்து முழங்கைவரை அளந்து வெட்டுங்கள், அதற்கு மேல் போனால் துணியில் உரசி உரசியே நைந்துவிடும். கோர்க்க வரவில்லையா, ஊசியைத் திருப்பிப் பிடியுங்கள். காதை அச்சில் அடித்துத் துளைப்பதால் ஒரு பக்கம் இன்னொன்றைவிட வழவழப்பாக இருப்பதுண்டு.

ஃபில்டர்காபி:
ஏற்காட்டில் இருந்துகொண்டு துருவுக்குக் கவலையா! காப்பிச் சக்கையை நன்றாகக் காயவைத்து மெத்தையில் அடையுங்கள், அக்கா. துரு வராது.

நூல்கண்டு (சேலம்):
சேலம் வெயிலில் அது சரி தம்பி. மழைக்காலத்து மலையில் சக்கை ஈரம் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். பஞ்சும் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், இப்போது நடப்பது அதுதான். ரொம்ப அலசாத ஆட்டுக் கம்பளி நல்லது, அதில் இயல்பாகவே கொழுப்புப் பசை உண்டு. நம் பக்கத்து மேச்சேரிச் செம்மறி ஆட்டை நம்பிப் பயனில்லை, அதற்கு முடிதான், கம்பளி கிடையாது. கம்பளி கிடைக்காவிட்டால் இறுக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். தைத்து முடித்ததும் ஊசியை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். சிலருக்கு விரல் வியர்வையே ஊசியைக் கறுக்க வைக்கும்.

ஃபில்டர்காபி:
ஒரு சந்தேகம். நம்ம சேலம் உருக்காலையில் ஸ்டெயின்லெஸ் தகடே உருட்டுகிறார்கள். ஊசியையும் அதில் செய்தால் என்ன?

பட்டறைக்காரர்:
பாத்திரத்துக்குப் போகும் ஸ்டெயின்லெஸ் வகையைச் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்தாலும் கடினம் ஏறாது. ஊசிக்குக் கடினமும் வேண்டும், வளைந்தால் நிமிரும் விறைப்பும் வேண்டும். அதனால் பொதுவாகக் கார்பன் ஸ்டீலில் செய்து, பதம் போட்டு, மேலே நிக்கல் பூசுகிறார்கள். பூச்சு போன இடத்தில் துரு பிடிக்கும். எமரி என்ற சாணைப் பொடி அடைத்த சின்னப் பையில் நாலு குத்து குத்தினால் லேசான கறுப்பு போகும். ஆனால் எமரி பூச்சையும் சேர்த்துத் தேய்க்கும், தினம் செய்யக் கூடாது, அதிலேயே குத்தியும் வைக்கக் கூடாது. நகத்தில் உரசும்போது சொரசொரப்புத் தட்டினாலோ, மேசையில் உருட்டும்போது தள்ளாடினாலோ அந்த ஊசியை மாற்றிவிடுங்கள். இரண்டு மூன்று ரூபாய் ஊசிக்காகத் துணியைக் கெடுப்பார்களா?

மலைக்காரி (ஏற்காடு):
எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் சேலம் இறங்கும்போது சின்னக் கடைவீதியில் மில்லினர்ஸும் 7ஆம் நம்பரும் வாங்கிவிடுகிறேன். அந்தத் துருக்கறையை என்ன செய்வது? பருத்தித் துணி, பக்கத்திலேயே சிவப்பு நூல் வேலை.

நூல்கண்டு (சேலம்):
பிளீச்சிங் மட்டும் வேண்டாம், குளோரின் பட்டால் துருக்கறை இன்னும் ஊன்றிவிடும். முதலில் அதே சிவப்பு நூலில் ஒரு துண்டை ஈர வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் கறையைத் தொடாதீர்கள், அதன் மேல் ஒரு இலை தைத்து மூடிவிடலாம். ஒட்டாவிட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் கறையில் மட்டும் தொட்டு வைத்து, காய்வதற்குள் அலசுங்கள். ஒரு தடவையில் போகாது, திரும்பச் செய்யுங்கள். பட்டுக்கு இந்த வைத்தியம் ஆகாது.