மூடிய கிராவல் குழிக்கு வியாழக்கிழமை ஆய்வு: எந்தச் சோதனையைக் கேட்கணும்?

வணக்கம். செங்குன்றத்துக்கு வடக்கே எங்க ஊர் ஓரத்துல ஒரு பழைய கிராவல் குழி இருக்கு, ஆழம் சுமார் 25 அடி. 2019-ல குத்தகை முடிஞ்சுது. 2023 கோடையில ராத்திரி ராத்திரியா லாரியில கட்டட இடிபாடு கொட்டி, மேல செம்மண்ணைப் பரப்பி, வேப்பங்கன்னு நட்டு, "சீரமைப்பு முடிந்தது"ன்னு பலகை வச்சுட்டாங்க.

ரெண்டு ஐப்பசி மழை தாண்டியாச்சு. நடுவுல தரை இறங்கிக் குட்டையா தண்ணி நிக்குது, கருப்பா, நாத்தத்தோட. கிழக்குச் சரிவுல கை நுழையற அளவுக்கு வெடிப்பு. பசங்க அங்கதான் கிரிக்கெட் ஆடுறாங்க, அதுதான் பயமே. பக்கத்துக் கிணத்துல டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு அளவு, லிட்டருக்கு மில்லிகிராம்ல) 640 இருந்தது, இப்ப 1,480. குடிதண்ணிக்கு 500-க்குள்ள இருக்கறதுதான் நல்லது.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துல ரெண்டு தடவை மனு கொடுத்தோம். குழியை எப்படித் தோண்டி எப்படி மூடணும்னு சொல்ற சுரங்கத் திட்டத்தோட நகல் கேட்டு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டோம், 30 நாள் தாண்டியும் பதில் இல்லை, மேல்முறையீடும் போட்டாச்சு. நாங்களே கடப்பாரையால மூணு இடத்துல தோண்டினோம். ஒன்றரை அடிக்குக் கீழ கான்கிரீட், டயர், பிளாஸ்டிக் சாக்கு. அதிகாரிங்ககிட்ட போட்டோவைக் காட்டினா, "நீங்க தோண்டினது கணக்குல வராது"ன்னுட்டாங்க.

வர்ற வியாழக்கிழமை அதிகாரிங்க நேர்ல வர்றாங்க. போன தடவை வேப்பங்கன்னை மட்டும் பார்த்துட்டுக் கிளம்பிட்டாங்க. மண் பரிசோதனை, குவாரி மூடல் வேலை தெரிஞ்சவங்க சொல்லுங்க: அடியில என்ன நிரப்பியிருக்குன்னு அதிகாரிங்க கண்ணெதிர்லயே தெரிய, எந்தச் சோதனையை, எத்தனை இடத்துல, எவ்வளவு ஆழத்துக்குன்னு எழுத்துல கேட்கணும்?