ஹீட் பம்ப் முதலிலா, ஜன்னல் முதலிலா?

எல்லாருக்கும் வணக்கம். லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டின செமி வீடு (ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு ஒட்டியது) எங்களுடையது. வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் (வெளியே இருக்கும் சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுத்துத் தரும் கருவி) போடலாம் என்றிருக்கிறோம். அரசு மானியம் 7,500 பவுண்டு உண்டு. ஆனால் முன்னறை ஜன்னலில் இருப்பது பழைய இரட்டைக் கண்ணாடி. சீல் போய்விட்டது, காலையில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. முழங்கால் விறைக்கிறது என்று அம்மா அந்தப் பக்கம் உட்காருவதே இல்லை.

ஹீட் பம்ப் ரேடியேட்டருக்கு அனுப்பும் தண்ணீரின் சூடு பாய்லரைவிடக் குறைவாக, 45 டிகிரி அளவில் இருந்தால்தான் சிக்கனம். அதனால் சூடு வெளியே போவதை முதலில் அடைப்பதே சரி என்று எனக்குப் படுகிறது. கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதுமா, ஜன்னல் சட்டத்தோடு சேர்த்து மாற்றணுமா? தேன்கூடு போல மடிகிற பிளைண்ட் (ஜன்னல் திரை) போட்டவர்களே, இரவில் வித்தியாசம் தெரிகிறதா? ரேடியேட்டரையும் பெரிதாக்க வேண்டி வந்ததா? குளிர் தொடங்குமுன் அம்மாவுக்காக இதை முடித்தாகணும். செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.