கூலிங் கிளாஸுக்குக் கயிறு: வெயிலில் நிற்பவர்கள் என்ன போடுகிறீர்கள்?

யார்டு பாய், திருவொற்றியூர்

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சர்வே வேலை. காலை எட்டு மணிக்கே பெட்டிகளின் தகரம் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். கூலிங் கிளாஸ் இல்லாமல் சீல் நம்பர் படிக்க முடியாது. பெட்டிக்குள் நுழைந்தாலோ கும்மிருட்டு, கழற்றியே ஆக வேண்டும். கழற்றி எங்கே வைப்பது? தலையில் ஹெல்மெட் இருக்கிறது. சட்டைப் பையில் வைத்தால் குனிகிறபோது விழும். அதனால்தான் கயிறு.

முதலில் போட்டது நியோபிரீன் பட்டை, அதாவது நுரை ரப்பர் மாதிரியான துணி. விரல் அகலம், மெத்தென்று இருக்கும். ஏ.சி. கடையில் கழுத்தில் போட்டுப் பார்த்தால் இதைவிடச் சுகம் இல்லை என்று தோன்றும். மே மாதம் அதோடு அரை நாள் யார்டில் நின்று பாருங்கள். வேர்வை இறங்க வழி இல்லாமல் பட்டைக்கு அடியிலேயே தேங்கி, பிடரி முழுக்க வேர்க்குரு. அப்புறம் மெல்லிய நைலான் கயிறுக்கு மாறினேன். காற்று படுகிறது, ஆனால் கண்ணாடி மார்பில் தொங்கும்போது கழுத்தில் ஒரே கோடாக அழுத்துகிறது. ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டின் காலரிலும் போய் மாட்டிக்கொள்கிறது.

நாள் முழுக்க வெளியில் இருப்பவர்கள் எதைப் போடுகிறீர்கள், ஏன் என்று சொல்லுங்கள்.

கடலோடி, காசிமேடு

தம்பி, எங்களுக்கு இது அழகுக்குப் போடுகிற சாமான் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். எங்கள் ஃபைபர் படகுகள் கரையோரமாகப் போய்வரும். அதாவது வருஷத்திலேயே மோசமான வெயிலில்தான் நாங்கள் கடலில் இருப்போம். கீழே தண்ணீரும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். கண்ணின் ஓரத்திலிருந்து கருவிழி மேல் சதை வளர்ந்தவர்கள் எங்கள் குப்பத்தில் வீதிக்கு ஒருவராவது உண்டு. வெயிலும் காற்றும்தான் காரணம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இப்போதுள்ள பையன்கள் போலரைஸ்டு கண்ணாடி வாங்கிப் போடுவது நல்ல விஷயம்.

ஆனால் அதில் ஒரு தொல்லை இருக்கிறது. தண்ணீர் பளபளப்பு போய்விடும், கூடவே ஜி.பி.எஸ். திரையும் சில கோணத்தில் கறுப்பாகிவிடும். மீன் காட்டும் எக்கோ சவுண்டரும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் கண்ணாடியை இறக்கிப் பார்க்க வேண்டும். கையில் வலை, படகு ஆடுகிறது. கயிறு இல்லாவிட்டால் அன்றைக்கே கண்ணாடி கடலுக்குப் போய்விடும். பிளாஸ்டிக்தானே, மிதக்கும் என்று நினைக்காதீர்கள். பாலிகார்பனேட்டும் சரி, அசிடேட்டும் சரி, கடல் தண்ணீரைவிடக் கனம். நேராக அடிக்குப் போகும்.

எங்கள் பெரியவர் ஒருவர் செய்துவைத்திருப்பதைச் சொல்கிறேன். நல்ல தடிமனான தங்கூசி நரம்பு, அதாவது தூண்டிலுக்குப் போடுகிற நைலான் இழை, ஒரு முழத்துக்கும் கொஞ்சம் கூட. இரண்டு முனையிலும் சைக்கிள் வால் டியூப் துண்டு, காற்றடிக்கிற வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய். கண்ணாடியின் காதுக் கம்பியை அந்த டியூபுக்குள் நுழைத்துவிடுவார். ரப்பர் கெட்டியாகப் பிடிக்கும். முடிச்சு டியூபுக்குள்ளேயே மறைந்திருப்பதால் காதில் உரசாது. இதில் முக்கியமானது நரம்பின் விறைப்புதான். தடி நரம்பு தன் வளைவை விடாது, பிடரிக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளியே நிற்கும். கழுத்தில் எதுவும் படாது, அதனால் வேர்க்குருவும் வராது. கடையில் விலை அதிகமாக வைத்து விற்கிற ஸ்டீல் கேபிள் ஸ்ட்ராப்பும் இதே தந்திரம்தான். வால் டியூப் வெயிலிலும் உப்பிலும் கொஞ்ச நாளில் பிசுபிசுத்து வெடித்துவிடும். வெடித்தால் என்ன, சைக்கிள் கடையில் இன்னொரு துண்டு.

மிதக்கிற பட்டை வேண்டுமென்றால் உள்ளே ஃபோம் அடைத்தது வருகிறது. வாங்கியதும் உங்கள் கண்ணாடியை அதில் மாட்டி பக்கெட்டில் போட்டுப் பாருங்கள். லேசான ஃபிரேமைத் தாங்குகிற மெலிசான பட்டை, நிஜக் கண்ணாடி லென்ஸ் போட்டதோடு சேர்ந்து முழுகிவிடும். ஆரஞ்சு நிறமே வாங்குங்கள். நீலம், கறுப்பு எல்லாம் அலையில் கண்ணுக்குத் தெரியாது.

கண்ணாடிக்கடை, மின்ட்

கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவன் என்பதால் இரண்டு வார்த்தை.

நியோபிரீன் பற்றி யார்டு தம்பி சொன்னதில் ஆச்சரியமே இல்லை. கடலில் முங்குகிறவர்கள் உடம்புச் சூடு போகாமல் இருக்கப் போடும் வெட்சூட் துணி அது. அதில் கண்ணாடிப் பட்டை போட்டு 1977ல் ஆரம்பித்த குரோக்கீஸ் கம்பெனி, அமெரிக்காவில் ஜாக்சன் ஹோல் என்ற பனிச்சறுக்கு ஊரில் பிறந்தது. பனியில் கழுத்தைக் கதகதப்பாக வைக்கிற சரக்கை எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் போட்டால் வேறென்ன ஆகும்? 1983ல் வந்த சம்ஸ் என்ற இன்னொரு பட்டைக் கம்பெனி, அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் ஆற்றில் படகு ஓட்டியவர் ஆரம்பித்தது. அவர் எடுத்துக்கொண்டது பருத்தி. நம் ஊருக்குப் பருத்தியே மேல். தினமும் இரவு நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட வேண்டும், அவ்வளவுதான். அலசாவிட்டால் வேர்வை உப்பு ஏறி விறைத்து, தோலை அரக்கும்.

வருகிறவர்கள் கலரையும் டிசைனையும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது காதுக் கம்பியின் நுனியை. மெல்லிய மெட்டல் கம்பி என்றால் சின்ன சிலிக்கான் குழாய் முனை போதும். நடுத்தர பிளாஸ்டிக் என்றால் கொஞ்சம் பெரிய குழாய் வேண்டும். ஸ்போர்ட்ஸ் மாடல் பட்டையான கம்பிக்குக் குழாய் ஏறவே ஏறாது, இழுத்தால் இறுகுகிற சுருக்கோ, உறை மாதிரி மாட்டுகிற துணி முனையோதான் சரி. தப்பான முனையை முண்டி ஏற்றினால் காதுக்குப் பின்னால் கட்டி மாதிரி உட்கார்ந்து வலிக்கும். கழுத்தில் வலி என்று கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காதில்தான் கோளாறு.

இன்னொன்று, லூஸ் ஃபிரேமைக் கயிறால் சரி செய்ய முடியாது. இழுத்துக் கட்டினால் மூக்கில் பள்ளம் விழும், அவ்வளவுதான். கம்பி நுனியைச் சூடு காட்டிக் காதுக்கு வளைத்துத் தரச் சொல்லுங்கள், எந்தக் கடையிலும் அஞ்சு நிமிஷ வேலை. அதற்குப் பிறகு கயிறு வாங்குங்கள்.

(கண்ணாடியில் யு.வி.400, அதாவது புற ஊதாக் கதிரைத் தடுக்கிற பூச்சோ லென்ஸோ, இருக்கிறதா என்று யாருமே கேட்பதில்லை. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னைக்குச் சூரியன் நேர் உச்சந்தலைக்கு வருகிறது. கறுப்பாக இருந்தால் போதும் என்பது தப்பு.)

பழைய வண்ணை அக்கா

எல்லாரும் ஆம்பிளைகள் கழுத்தை வைத்தே பேசுகிறீர்கள். எங்களுக்கு ஏற்கெனவே தாலிச் செயின், ஐ.டி. கார்டு நாடா, துப்பட்டா. அதற்கு மேல் இது ஒன்று. எம்.சி. ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு போய், இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினால் எல்லாம் ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு வரும்.

மணி கோத்த செயின் பார்க்க அழகுதான், செயினோடு செயின் பின்னிக்கொள்ளும். சிலிக்கான் பட்டை பிடரி முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கும். நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு மணி வைத்திருப்பார்களே, அது இன்னும் மோசம். பின்னலுக்குள் போய்விட்டால் கத்தரிதான். எனக்கு ஒத்துவந்தது மெல்லிய, வழவழப்பான துணி நாடா. நீளம் சரியாக வெட்டியது, நகரும் மணி கிடையாது. அதைக் கழுத்தில் போட மாட்டேன், பின்னலுக்கு மேலாக, துப்பட்டாவுக்கு வெளியே விடுவேன். துணியும் முடியும் நடுவில் இருப்பதால் தோலில் எதுவும் படாது.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்து கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். அது படுக்கை, பூஜை அலமாரி, அடுப்பு மேடை என்று எங்கேயாவது கிடக்கும். நைட்டிக்கு மேல் தொங்குகிற மாதிரி நாடா போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் "நாய்க்குக் கட்டுற மாதிரி கட்டியிருக்கே" என்று திட்டினார். இப்போது ஆபரேஷன் கண்ணாடி போய்ப் படிக்கிற கண்ணாடி வந்துவிட்டது, நாடாவை அவரே கேட்டு வாங்கி அதில் மாட்டிக்கொண்டார். தூங்கும்போது மட்டும் கழற்றிவிட வேண்டும்.

வியாசை கோச்

பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லித்தருகிறேன். பவர் கண்ணாடி போட்ட பிள்ளைகளுக்குத் தொங்குகிற கயிறு ஆகாது, தலையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். தையல் கடை எலாஸ்டிக்கே போதும். காது மட்டத்தில் நேராகப் பின்னால் போகட்டும். உச்சி மண்டைப் பக்கம் ஏற்றிக் கட்டினால் கம்பி தூக்கிக்கொண்டு கண்ணாடி மூக்கில் சரியும். ஒரு விரல் உள்ளே போகிற இறுக்கம். ஆட்டம் முடிந்ததும் கழற்றச் சொல்லிவிடுவேன்.

யார்டு பாய், திருவொற்றியூர்

கடலோடி அண்ணே, என்னுடையது தடி பிளாஸ்டிக் கம்பி, வால் டியூப் ஏறவில்லை. வேறு ஏதாவது இருக்கிறதா?

கடலோடி, காசிமேடு

கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்குப் போ தம்பி. தொட்டிக்குக் காற்று விடுகிற ஏர் பம்ப்புக்கு சிலிக்கான் டியூப் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவான். உள்வாய் 4 மி.மீ. இருக்கும், கொஞ்சம் இழுபடும். பச்சை, வெள்ளை என்று கெட்டியான பிளாஸ்டிக் டியூபும் வைத்திருப்பான், அது வேண்டாம், வழுக்கும். கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் மாட்டிப் பார்த்தே வாங்கு.

மணலி லேத்

ஒர்க் ஷாப் ஆட்கள் இதைப் படித்துவிட்டு நரம்பு கட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். லேத், டிரில், கன்வேயர், சுற்றுகிற எதற்கும் பக்கத்தில் கழுத்தைச் சுற்றி அறுபடாத கயிறு இருக்கவே கூடாது. பிடித்தால் ஆளையே உள்ளே இழுக்கும், தங்கூசி லேசில் அறுகிற சாமானும் இல்லை. போட்டே ஆக வேண்டுமென்றால் பின்னால் பட்டென்று விட்டுப்போகிற கொக்கி வைத்தது வாங்குங்கள். கடையிலேயே ஒரு வெட்டு இழுத்துப் பாருங்கள், கழன்று கையோடு வர வேண்டும்.

கடலோடி, காசிமேடு

அது சரி. ஆனால் அந்தக் கொக்கி கடலுக்கு ஆகாது, வலை இழுக்கும்போது பத்துத் தடவை விட்டுப்போகும். விசைப்படகில் வலை இழுக்கிற வின்ச் மெஷின் ஓடும்போது எங்கள் ஆட்கள் கயிறோடு கண்ணாடியையும் கழற்றி, படகு ஓட்டுகிற வீல் ஹவுஸ் அறையில் மாட்டிவிட்டுத்தான் வருவார்கள். அந்த நேரத்துக்குத் தொப்பி போதும்.